1986-இல் தேடினால் கிடைக்காது, 1987-ஐக் கேளுங்கள்

பட்டா மாற்ற, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது. இறந்தது 1986 டிசம்பர் கடைசி வாரம், குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில். விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) அவ்வளவு பழைய பதிவேடு இல்லை. அவை சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். அங்கே 1986-இல் பெயரே இல்லை என்றார்கள். சரி, 'பதிவு இல்லை' சான்று வாங்கி, ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) தாமதப் பதிவுக்கு மனு போடச் சொன்னார்கள். அதற்கும் அலைந்தேன்.

அப்புறம் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்தான் சொன்னார்: பதிவு எண் ஓடுவது பதிவு செய்த தேதிப்படி, இறந்த தேதிப்படி அல்ல. ஜனவரி 1-இல் புதுப் பதிவேடு தொடங்கிவிடும். காரியம் முடிந்து பொங்கலுக்கு முன் இறப்பைப் பதியச் சொல்லியிருந்தால் அது 1987 பதிவேடு. தேடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிக் கட்டணம் என்பதால், மனுவில் எழுதிய ஆண்டைத் தாண்டி யாரும் புரட்டுவதில்லை.

'1986, 1987 இரண்டிலும் தேடவும்' என்று எழுதிக் கொடுத்தேன். 1987-இன் முதல் பக்கத்திலேயே இருந்தது. அப்பாடா!