அமெரிக்காவில் தேர்தல் கூட்டத்துக்குப் போகிறீர்களா? வாசலில் ஏன் வடிகட்டுகிறார்கள், உள்ளே போவது எப்படி

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தேர்தல் வருஷம் வந்தாலே ஒரு கேள்வி தவறாமல் எழும்: பக்கத்து ஊருக்கு வேட்பாளர் வருகிறார், டிக்கெட் இலவசம் என்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? தாராளமாகப் போகலாம். எச்-1பி வேலை விசா, மாணவர் விசா, கிரீன் கார்டு என்று எதில் இருந்தாலும் கூட்டத்தில் போய் உட்காருவதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் டிக்கெட் வைத்திருக்கிறீர்கள் என்பதற்காக உங்களை உள்ளே விட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கும் இல்லை. நம்மூர்ப் பொதுக்கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புரியாத இடம் இதுதான். அங்கே மைதானம் நிறையுமா என்பதுதான் கட்சிக்காரர்களின் கவலை. வேன் வைத்து ஆள் கூட்டி வருவார்களே தவிர, வந்தவரை நிறுத்தி நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். (2025 செப்டம்பரில் கரூர் நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு, டிசம்பரில் புதுச்சேரியில் நடந்த விஜய் கூட்டத்துக்கு கியூஆர் பாஸ் வைத்து 5,000 பேர் என்று வரம்பு போட்டார்கள். அது கூட்டத்தின் அளவைக் கட்டுப்படுத்த. அமெரிக்க வடிகட்டலில் பெரும்பாலும் எண்ணிக்கையோடு, வருகிறவர் யார் என்பதும் முக்கியம்.)

2016 ஜனவரியில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் நடந்ததைப் பாருங்கள். அப்போது ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் இருந்த பெர்னி சாண்டர்ஸ் முன்பு மேயராக இருந்த ஊர் அது. அங்கே ஃபிளின் சென்டர் என்ற அரங்கில் டிரம்ப் கூட்டம். இருக்கைகள் சுமார் 1,400, கொடுக்கப்பட்ட டிக்கெட்டோ 20,000 வாக்கில். குளிரில் வரிசையில் நின்றவர்களிடம் வாசலில் இருந்த பிரச்சார ஆட்கள் ஒரே கேள்வி கேட்டார்கள்: டிரம்பை ஆதரிக்கிறீர்களா? ஆமாம் என்றவர் உள்ளே. இல்லை என்றவர் வெளியே. இதில் பலருக்கும் ஆச்சரியம் தந்தது, இன்னும் முடிவு செய்யவில்லை என்றவர்களையும் வெளியே அனுப்பியதுதான். ஓட்டுக் கேட்கத்தானே கூட்டம், முடிவு செய்யாதவரை விரட்டினால் எப்படி என்று நமக்குத் தோன்றும். அங்கே கூட்டம் ஓட்டுக் கேட்பதற்காக நடப்பதில்லை என்பதுதான் விஷயம். அரங்கில் இருக்கும் சில ஆயிரம் பேரின் ஓட்டு ஒரு மாநிலத்தின் கணக்கில் ஒன்றுமே இல்லை. அன்று மாலைச் செய்தியிலும் போன் திரையிலும் வரப்போகும் 20 நொடிக் காட்சி இருக்கிறதே, அதற்காகத்தான் அத்தனை செலவும். அந்த 20 நொடியில் யாராவது எழுந்து எதிர்க்கோஷம் போட்டால் செய்தி அவருடையதாகிவிடும், வேட்பாளர் பேசியது காணாமல் போய்விடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் அவர்கள் செய்வது எல்லாமே புரியும். ஆனால் இது சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள்.

சரிதான். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் யாரை அழைப்பது என்று தீர்மானிக்கிற மாதிரி, பிரச்சாரக் குழுவும் தன் கூட்டத்துக்கு யார் வரலாம் என்று தீர்மானிக்கலாம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தரும் பேச்சுரிமை அரசாங்கத்துக்கு எதிரானது, பிரச்சாரக் குழு அரசாங்கம் இல்லை. 1992இல் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்ட்ராங்ஸ்வில்லில் அப்பா புஷ்ஷின் கூட்டம், அதுவும் ஊர்ப் பொது இடத்தில். டிக்கெட் வைத்திருந்த ஒரு பள்ளி மாணவி சட்டையில், புஷ்ஷை எதிர்த்து நின்ற கிளின்டனின் பேட்ஜ் குத்தியிருந்ததால் உள்ளே விடவில்லை. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 1996இல் பிரச்சாரக் குழுவுக்குச் சாதகமாக முடிந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் உச்ச நீதிமன்றம், பாஸ்டன் ஊர்வலம் ஒன்று பற்றிய வழக்கில், ஊர்வலம் நடத்துகிறவரைத் தனக்கு ஒப்பாத கருத்தையும் சேர்த்துச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆக, பொது இடம்தானே என்ற வாதம் கூட அனுமதி வாங்கி நடத்தும் கூட்டத்தில் எடுபடாது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், அதே ஆள் வேட்பாளராக இல்லாமல் ஜனாதிபதியாக, வரிப்பணத்தில் வரும்போது. 2004 ஜூலை 4 அன்று மேற்கு வர்ஜீனியாவின் தலைமைச் செயலக வளாகத்தில் மகன் புஷ் பேசிய கூட்டத்துக்கு, அவருக்கு எதிரான டி-ஷர்ட் போட்டுப் போன ஒரு தம்பதியைக் கைவிலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். அது அரசு நிகழ்ச்சி. குற்றச்சாட்டு நிற்கவில்லை, 2007இல் அரசாங்கம் 80,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த வழக்கில்தான் வெள்ளை மாளிகையின் 2002ஆம் வருஷக் கையேடு ஒன்று, பாதிக்கு மேல் மை பூசி மறைத்தபடி, வெளியே வந்தது. எதிர்ப்பாளர்களை மேடைக்கும் கார் போகும் வழிக்கும் கண்ணில் படாத இடத்தில் நிறுத்தச் சொல்லிப் போலீசாரைக் கேளுங்கள், உள்ளே யாராவது கோஷம் போட்டால் பெரிய பெரிய பதாகைகளோடு தயாராக இருக்கும் இளைஞர் குழுவை அவர்களுக்கு முன்னால் நிறுத்தி மறையுங்கள், ‘யூஎஸ்ஏ, யூஎஸ்ஏ’ என்று கத்தி அமுக்குங்கள், கேமராவில் விழாது என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள் என்று அதில் பொறுமையாக எழுதியிருக்கிறது. இந்தக் கடைசி வரியைப் படித்தாலே போதும், என்னைக் கேட்டால்.

அரசு நிகழ்ச்சி என்றால் எப்போதும் ஜெயிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2005இல் டென்வரில் புஷ் பேசிய அரசு நிகழ்ச்சி ஒன்றிலிருந்து மூன்று பேரை வெளியேற்றினார்கள். அவர்கள் வாயைத் திறக்கவே இல்லை. வந்த காரின் பின்பக்கம் ‘எண்ணெய்க்காக இனி ரத்தம் வேண்டாம்’ என்ற ஸ்டிக்கர் இருந்தது, அவ்வளவுதான். வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், 2010இல் உச்ச நீதிமன்றமும் எடுக்க மறுத்துவிட்டது. எனவே காரை நிறுத்தும் இடத்திலிருந்தே உங்களைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது டிரம்பும் புஷ்ஷும் இருக்கும் குடியரசுக் கட்சியின் பழக்கம் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஜனநாயகக் கட்சியிலும் உண்டு. 2008 ஜூனில் டெட்ராய்டில் ஒபாமா கூட்டத்தில், மேடைக்குப் பின்னால் உட்கார வேண்டாம் என்று தலையில் முக்காடு போட்ட இரண்டு முஸ்லிம் பெண்களைத் தொண்டர்கள் தடுத்தார்கள், பிறகு ஒபாமா தரப்பு மன்னிப்புக் கேட்டது. 2024 அக்டோபரில் மிச்சிகனின் ராயல் ஓக்கில் கமலா ஹாரிஸ் நிகழ்ச்சிக்கு வந்து அமைதியாக உட்கார்ந்திருந்த, சொந்தக் கட்சிக்காரரான ஒரு முஸ்லிமை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். அதற்கும் வருத்தம் தெரிவித்தார்கள். முதலில் தள்ளுவது, விஷயம் பெரிதானால் வருத்தம் தெரிவிப்பது, இதுதான் நடைமுறை.

சரி, இனி டிக்கெட் எடுப்பது பற்றி.

வேட்பாளரின் தளத்தில் நிகழ்ச்சிப் பக்கம் இருக்கும். பெயர், மின்னஞ்சல், அஞ்சல் குறியீட்டு எண், கைபேசி எண் கேட்பார்கள். டிரம்ப் கூட்டங்களில் ஒரு கைபேசி எண்ணுக்கு இரண்டு டிக்கெட், முதலில் வருபவருக்கு முதல் இடம். அந்த டிக்கெட் இருக்கைக்கு உத்தரவாதமே இல்லை. அவர்களுக்கு வேண்டியது உங்கள் எண். அதை வைத்துத்தான் நன்கொடை கேட்பார்கள், தொண்டு செய்யக் கூப்பிடுவார்கள், தேர்தல் நாளில் ஓட்டுப் போட்டீர்களா என்று நினைவூட்டுவார்கள். இந்தப் பதிவு எண்ணிக்கையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஜூன் 20 டல்சா கூட்டம் சாட்சி. பத்து லட்சம் பேருக்கு மேல் டிக்கெட் கேட்டார்கள் என்று பெருமையடித்தார்கள். டிக்டாக் பிள்ளைகளும் கே-பாப் (கொரிய பாப் இசை) ரசிகர்களும் வராமலேயே விளையாட்டாகப் பதிவு செய்தது அதில் கணிசம். சுமார் 19,000 பேர் கொள்ளும் அரங்கில் 6,200க்குக் கொஞ்சம் குறைவானவர்களே இருந்தார்கள் என்று ஊர்த் தீயணைப்புத் துறை கணக்குச் சொன்னது. அரங்கு நிரம்பி வழிந்தால் வெளியே பேசுவதற்கென்று போட்ட மேடையைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

அதற்கு நேர் எதிரான முறையும் உண்டு. நீங்கள் விண்ணப்பம் மட்டும் போடுவீர்கள், அவர்கள் பார்த்து உறுதி செய்தால்தான் இடமே எங்கே என்று சொல்வார்கள். உள்ளூர்க் கட்சி அலுவலகம், தொழிற்சங்கம், தொண்டர் பட்டியல் வழியாக மட்டும் டிக்கெட் போவதும் உண்டு. 2004இல் நியூ மெக்சிகோவின் ரியோ ராஞ்சோவில் துணை ஜனாதிபதி செய்னி கூட்டத்துக்கு டிக்கெட் கேட்டுப் போன, கட்சிக்குத் தெரியாத முகங்களிடம், நான் புஷ்ஷை ஆதரிக்கிறேன் என்று எழுதிய படிவத்தில் கையெழுத்து கேட்டார்கள். அந்த மாதிரிக் காகிதம் நீட்டப்பட்டால் திரும்பி வந்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஓட்டுரிமையே இல்லாத ஒருவர் ஆதரவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு என்ன ஆகப்போகிறது?

கூட்ட நாளில் கதவு திறப்பதற்குச் சில மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, முக்கிய வேட்பாளர் என்றால் சீக்ரெட் சர்வீஸ் (அவர்களைக் காக்கும் மத்திய அரசின் பாதுகாப்புத் துறை) சோதனை இருக்கும். 1968இல் ராபர்ட் கென்னடி சுடப்பட்ட பிறகுதான் வேட்பாளர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு வந்தது. முதுகுப்பை, குடை, செல்ஃபி ஸ்டிக், கண்ணாடி பாட்டில், உலோக ஃபிளாஸ்க், மிளகு ஸ்ப்ரே, வீட்டில் எழுதிய பதாகை எதுவும் கூடாது. குடை கூடாது என்பதால் மழை என்றால் ரெயின்கோட்தான். ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்: சீக்ரெட் சர்வீஸ்காரர் ஆயுதம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார், உங்கள் சட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பது பிரச்சார ஊழியரின் வேலை. இரண்டு பேரும் கோட்டு சூட்டு, காதில் ஒயர் என்று ஒரே மாதிரி தெரிவார்கள். டென்வரில் வெளியேற்றியவரையும் சீக்ரெட் சர்வீஸ் என்றுதான் முதலில் நினைத்தார்கள், அவர் அந்தத் துறை ஆளே இல்லை.

எழுத்து இல்லாத சாதாரணச் சட்டை போதும். உள்ளே போன பிறகு யாராவது வந்து சிரித்த முகத்தோடு, மேடைக்குப் பின்னால் உட்கார்கிறீர்களா என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். நம் நிறமும் புடவையும் அந்தப் படத்துக்குத் தேவைப்படலாம், அதில் தப்பில்லை, ஆனால் அங்கே உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் முகத்தையும் கையையும் அவர்கள் கணக்குப்படி வைத்திருக்க வேண்டும். 2018 செப்டம்பரில் மோன்டானாவின் பில்லிங்ஸில் டிரம்புக்குப் பின்னால் கட்டம்போட்ட சட்டையில் நின்ற 17 வயதுப் பையன், பேச்சைக் கேட்டுப் புருவத்தைத் தூக்கினான், அப்படியா என்று வாயசைத்தான், கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து அவன் இடத்தில் நின்றுகொண்டார், பையனை வெளியே அனுப்பிவிட்டார்கள். எல்லாமே நேரலையில் போனது.

வெளியே போகச் சொன்னால் போய்விடுங்கள். வாசலில் விவாதம் வேண்டாம். அழைத்தவர் போகச் சொன்ன பிறகும் நின்றால் அத்துமீறல் ஆகிவிடும், சீக்ரெட் சர்வீஸ் அடைத்த இடம் என்றால் மத்தியச் சட்டப்படி ஒரு வருஷம் வரை சிறை உண்டு. விசாவில் இருப்பவருக்கு இன்னொன்றும் இருக்கிறது: டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் எப்போதாவது கைதானீர்களா என்ற கேள்வி உண்டு, குற்றம் நிரூபிக்கப்படாவிட்டாலும் ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். தள்ளிவிட்டார்கள், இடித்தார்கள் என்று வழக்குப் போட்டு வேட்பாளரையே இழுப்பதும் லேசில்லை. 2016இல் லூயிவில்லில் ‘அவர்களை வெளியே தள்ளுங்கள்’ என்று டிரம்ப் மேடையிலிருந்து சொல்ல, கூட்டத்தினர் எதிர்ப்பாளர்களை இடித்துத் தள்ளினார்கள். கலவரத்தைத் தூண்டினார் என்று அவர்மேல் போட்ட வழக்கு 2018இல் தள்ளுபடியாயிற்று. கூடவே ‘காயப்படுத்தாதீர்கள்’ என்றும் அவர் சொல்லியிருந்தார்.

பணத்தில் கவனம் வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. பிரச்சாரக் குழு விற்கும் தொப்பியும் டி-ஷர்ட்டும் கூட, கொடுத்த முழு விலைக்கும் நன்கொடையாகத்தான் கணக்கு. ஞாபகத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் வெளியே தெருவில் சொந்தமாக விற்கும் தள்ளுவண்டிக்காரரிடம் வாங்குங்கள், மலிவும் கூட. சம்பளமில்லாமல் தொண்டு செய்யலாம். பணம் கட்டிப் போகும் விருந்துகள் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே வடிகட்டல் இன்னும் கடுமை. 2012இல் ஃபுளோரிடாவில் 50,000 டாலர் சாப்பாட்டு விருந்தில், ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி, 47 சதவீதம் பேர் எப்படியும் ஒபாமாவுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள், அரசாங்கத்தை நம்பியே இருப்பவர்கள் என்று பேசியதை யாரோ ரகசியமாகப் படம்பிடித்து வெளியே விட, அந்தத் தேர்தலில் அவர் கடைசிவரை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். வாசலில் போனை வாங்கி வைக்கிறார்கள் என்றால் இந்தப் பயம்தான்.

வேட்பாளரைக் கிட்டத்தில் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் பெரிய கூட்டத்துக்கே போகாதீர்கள். கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் சூடு பிடிக்கும் குளிர்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயருக்கோ அயோவாவுக்கோ போங்கள். அங்கே வேட்பாளர் பள்ளிக்கூட ஜிம்மிலும் காலை உணவுக் கடையிலும் நிற்பார், முடிவு செய்யாதவர்தான் அங்கே மாப்பிள்ளை. உள்ளூர்க் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரின் மக்கள் சந்திப்பும் நல்ல வழிதான், ஆனால் பல இடங்களில் அந்தத் தொகுதியில் குடியிருப்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் மின்கட்டண ரசீதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பதிவு செய்யும்போது வீட்டில் எல்லோருடைய எண்ணையும் கொடுக்காதீர்கள், ஒன்று போதும். ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் பதில் அனுப்பினால் அந்த எண்ணிலிருந்து குறுஞ்செய்தி நின்றுவிடும். ஆனால் பட்டியல் அதற்குள் வேறு குழுக்களின் கைக்குப் போயிருக்கும், அடுத்த தேர்தலில் நீங்கள் கேள்விப்படாத மாநிலத்து வேட்பாளர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அஞ்சு டாலர் கேட்பார்.