வகுப்பு சொதப்பிய நாளில் புது ஆசிரியருக்கு மூன்று வரி

வகுப்பு கைமீறிப் போன நாளை வீடுவரை சுமக்க வேண்டாம். மார்த்தாண்டம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பத்து நிமிடம் போதும். ஒரு சின்ன நோட்டில் மூன்றே வரி: நடந்தது என்ன, ஏன் இருக்கலாம், நாளை மாற்றப்போகும் ஒன்று. ஒன்றுதான், நாலைந்து எழுதினால் எதுவும் நடக்காது.

பலரும் சறுக்குவது முதல் வரியில். 'பிள்ளைகளுக்கு அக்கறையே இல்லை' என்பது கோபம். 'கடைசி பெஞ்சில் 6 பேர் கணக்கைத் தொடவே இல்லை' என்று எழுதினால்தான் இரண்டாம் வரிக்கு வழி பிறக்கும். அதில் ஒருவன் விடியுமுன் அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கலாம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகில் மீன்பிடிக்கத் தடை. குளச்சல் பக்கத்துப் பிள்ளை என்றால் அப்போது வீட்டில் காசுக்கு இழுபறியாக இருக்கலாம். வகுப்பு முன்னால் கேட்காதீர்கள். இடைவேளையில் தனியாக, 'சாப்பிட்டியா மக்களே?' என்று தொடங்குங்கள்.

மூன்றாம் வரி, மறுநாள் முதல் 5 நிமிடத்தில் முடிகிற வேலையாக இருக்கட்டும்: அதே கணக்கைப் பாதி போட்டு, மீதியை இருவர் இருவராக முடிக்க விடலாம். படுக்கப் போகும்முன் மட்டும் எழுதாதீர்கள். அசதியில் எல்லாமே பெரிதாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஐந்து நாள் வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். பாதிக்கு மேல் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளையாகவே இருந்தால், சிக்கல் உங்களிடம் இல்லை, நேரத்தில்.