திரையில் தெரியும் எண் எத்தனை நிமிடப் பழசு? கட்டடத்தில் சென்சார் பொருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்குச் சென்சார் வைத்த முதல் மாதம். ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார். மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி, தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. செல்போனை எடுத்துப் பார்த்தால் 62 சதவீதம் என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது! சென்சாரின் பேட்டரி ராத்திரியே தீர்ந்திருக்கிறது. கடைசியாக வந்த அளவையே ஆப் காட்டிக்கொண்டிருக்க, அதை நம்பி கேட்வே (சென்சார்களின் தகவலை வாங்கி ஆப்புக்கு அனுப்பி, மோட்டாரையும் இயக்கும் பெட்டி) மோட்டாரை ஓட விட்டிருக்கிறது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிற வீடுகள் எங்களுடையவை. அன்று வீணான தண்ணீரை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பழைய அளவைப் புதியதாக நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச வேண்டிய சென்சார் பதினைந்து நிமிடம் பேசவில்லை என்றால் திரையில் எண்ணே இருக்கக் கூடாது. ‘தகவல் இல்லை’ என்று சிவப்பில் வர வேண்டும், மோட்டாரும் நிற்க வேண்டும். பொருத்த வருபவரிடம் சென்சாரின் பேட்டரியை உங்கள் கண்முன்னே கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எங்கள் விஷயத்தில் இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. புதுசு வந்துவிட்டதே என்று தொட்டியில் இருந்த பழைய ஃப்ளோட் சுவிட்சைக் கழற்றிவிட்டார்கள். அது இருந்திருந்தால் தண்ணீர் மேலே வந்ததும் மோட்டார் தானே நின்றிருக்கும். ஜெனரேட்டரின் ஆயில் பிரஷர் டிரிப், ஏசி கம்ப்ரெஸரின் ஹை பிரஷர் கட்டவுட் போல, ஆபத்து என்றால் இயந்திரத்தைத் தானே நிறுத்துகிறவையும் அப்படித்தான். நேரடி ஒயரிங்கில் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். இன்டர்நெட் போனாலும், கேட்வே ரீபூட் ஆகிக்கொண்டிருந்தாலும் அவை தம் வேலையைச் செய்யும். கேட்வேயை யூபிஎஸ்ஸிலும் போடுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

ஒயர்லெஸ் வாங்கும்போது ‘பல கிலோமீட்டர் போகும்’ என்பார்கள். திறந்த வெளியில் போகும். அடித்தள சம்ப்பில், கான்கிரீட்டுக்கும் இரும்பு மூடிக்கும் கீழே இருந்து அப்படிப் போகாது. லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் ஒயர்லெஸ் முறை) கருவி என்றால் இந்தியாவுக்கான 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அமைப்பில் சென்சார், கேட்வே இரண்டுமே இருக்கின்றனவா என்று பாருங்கள். அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் கருவியை ஆன்லைனில் விலை மலிவு என்று வாங்கினால் ஒன்றின் குரல் இன்னொன்றுக்குக் கேட்காது.

மோட்பஸ் (பல மீட்டர்கள் ஒரே ஒயரில் கேட்வேயோடு பேசும் முறை) ஒயரிங்கில் அடிக்கடி பார்க்கும் கோளாறு: புதிதாக வாங்கிய இரண்டு எனர்ஜி மீட்டருக்கும் கம்பெனியில் வைத்த 1 என்ற முகவரியே இருக்கும். கேட்வே கூப்பிட்டதும் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், எதுவும் விளங்காது. ஒயரையும் மீட்டருக்கு மீட்டர் சங்கிலியாகக் கொண்டுபோக வேண்டும், ஒரே இடத்திலிருந்து நாலா பக்கமும் பிரிக்கக் கூடாது. இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு சென்சார் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பல மாடல்கள் சில நாள்களில் தாம் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று, அதாவது சுமார் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு), என்று எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். ராத்திரி பூட்டுகிற ஆபீஸுக்கு இது சரி. இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கும் ஆஸ்பத்திரி வார்டில் காற்று அந்த அளவுக்குச் சுத்தமாவதே இல்லை. அதனால் சென்சார் போகப்போக உண்மையைவிடக் குறைத்தே சொல்லும், அதை நம்பி ஏசியும் வெளிக்காற்றைக் குறைக்கும். மூச்சுவிடச் சிரமப்படுபவர்கள் படுத்திருக்கும் இடம் அது. அங்கே தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, குறித்த நாளில் கையால் சரிபார்க்க வேண்டும்.

பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதோடு கேட்வேயைத் தனி நெட்வொர்க்கிலும் வையுங்கள். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் உள்ளே நுழைந்தது ஏசி, குளிர்சாதன ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த லாகின் வழியாக.

இப்போது எங்கள் பேனல் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். எந்தச் சென்சார் எங்கே இருக்கிறது, முகவரி என்ன, பேட்டரி போட்ட தேதி எது என்று எல்லாம் அதில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வரும்போதெல்லாம் பேனாவால் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போகிறார். ஃப்ளோட் சுவிட்ச் திரும்பத் தொட்டிக்குள் வந்ததுதான் அதில் முதல் வரி.