குறைந்த செலவில் பழைய அம்பிளிபயரைப் புதுப்பித்தல்

வீட்டிலுள்ள ஸ்ரீரியோ அம்பிளிபயரின் ஒலி மங்கிவிட்டால், கூடிய வாற்று உள்ள வேறொன்றை வாங்கிவிடலாம் என்றே பலரும் முதலில் எண்ணுகிறார்கள். ஆனால் 25 வாற்றுக்குப் பதிலாக 50 வாற்று வைத்தாலும் கூடுவது 3 டெசிபல் மாத்திரமே. காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்றுவதற்கு வலு ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். ஆகையால் கையிலுள்ள பணத்தை வாற்றுக் கணக்கில் போடாமல், இருக்கும் அம்பிளிபயரின் வலுவழங்கிப் பகுதியை, அதாவது சுவர் மின்சாரத்தை அம்பிளிபயருக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுக்கும் பகுதியை, சீர்செய்யப் பயன்படுத்துவதே நல்லது. 1990களில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் யாழ்ப்பாணம். பழையதைத் திருத்திப் பாவிக்கத் தெரிந்தவர்கள் இன்றும் இங்கு இருக்கிறார்கள் என்பதால், சந்தேகம் வந்தால் கேட்டறிவதும் கடினமன்று.

முதலில் குறையைக் காதால் இனங்காண வேண்டும். பாட்டு எதுவும் போடாமல், ஒலியளவுத் திருகை முற்றாகக் குறைத்துவிட்டு ஸ்பீக்கரின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். அப்போதும் இரைச்சல் நிற்கவில்லையெனில் வலுவழங்கியில் மின்னைத் தேக்கிச் சீராக வைக்கும் பெரிய கப்பாசிற்றர்கள் சோர்ந்துவிட்டன என்றே பெரும்பாலும் கொள்ளலாம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆதலால் அதை நேரோட்டமாக மாற்றும் முழு அலைச் சீராக்கலின் பின் வடிகட்டப்படாமல் எஞ்சுவது 100 ஹேர்ட்ஸ் இரைச்சலாக ஒலிக்கும். திருகைக் கூட்டும்போது இரைச்சலும் சேர்ந்து கூடுமாயின் குற்றம் உள்ளீட்டு வயரிலோ அதன் புவித் தொடுப்பிலோ இருக்கும். திருகைத் திருப்பும்போது மாத்திரம் கரகரத்தால், அது உள்ளே படிந்த அழுக்கு. கடற்காற்றின் உப்பும் செம்மண் தூசியும் சேரும் வீடுகளில் இது மிகச் சாதாரணம். தொடுகை துப்புரவாக்கும் தெளிப்பானைத் திருகின் துவாரத்தில் சிறிதளவு அடித்து, பலமுறை முழுச் சுற்றாகத் திருப்பினால் தீர்ந்துவிடும். பின்புறச் செருகிகளையும் அவ்வாறே துடைத்துவிடுங்கள்.

மூடியைக் கழற்றுமுன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது. கழற்றிய பின்னரும் பெரிய கப்பாசிற்றர்களில் மின் தேங்கி நிற்கும். அவற்றின் இரு முனைகளுக்கும் குறுக்கே 100 ஓம், 5 வாற்றுத் தடையொன்றைக் காவலிட்ட குறட்டால் பிடித்துச் சிறிது நேரம் வைத்து, மீற்றரில் வோல்ற்றளவு பூச்சியத்தை நெருங்கியதைப் பார்த்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். இந்த ஒரு படியில் அவசரம் கூடவே கூடாது.

உள்ளே கண்ணால் பார்த்தே பலவற்றை அறியலாம். தட்டையாக இருக்க வேண்டிய கப்பாசிற்றரின் தலை சற்று மேடாகியிருந்தாலோ, அடியில் ஈரம் கசிந்து பலகையின் செப்புக்கோடு பச்சை பூத்திருந்தாலோ அது மாற்றப்பட வேண்டியதே. பழைய யப்பானியக் கருவிகளில் கப்பாசிற்றர் அசையாதிருக்க ஊற்றிய மஞ்சள் பசை, காலம் செல்லக் கபில நிறமாகி மின்னைக் கசியவிடும். அருகிலுள்ள தடைகளின் கால்களையும் அரித்துவிடும். அதைப் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பலரும் கவனியாது விடும் குறை இது.

புதிய கப்பாசிற்றரின் வோல்ற்றளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ஒருபோதும் குறையக் கூடாது. கொள்ளளவு 4700 மைக்ரோபரட் என்றால் அதையே போடுங்கள். பத்தாயிரம் போட்டால் பாஸ் கூடும் என்று சொல்வதை நம்பி அளவுக்கு மிஞ்சிப் போட்டால், ஆளியைப் போடும் கணத்தில் பாயும் மின்னோட்டம் டயோட்டுகளை வருத்தும். பியூசும் அடிக்கடி போகும். 85 பாகை என்று குறித்ததை விட்டு 105 பாகை என்று குறித்ததை வாங்குங்கள்: குறித்த அளவைவிட வேலை செய்யும் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது இவற்றின் பொது விதி, நமது வெக்கைக்கு அது பெரிய ஆதாயம். ஒன்றைக் கழற்றி உடனே அதன் இடத்தில் மற்றதைப் பொருத்தி, உடலிலுள்ள கோடு எதிர் முனையைக் காட்டுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்த்துப் பற்றாசு பிடிக்க வேண்டும்.

முன்பெருக்கியில், அதாவது ஒலியை முதலில் பெருக்கும் பகுதியில், உள்ள 4558 ஐசியை எடுத்து என்இ5532 ஐசியைப் போடுவதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கால்கள் ஒத்துவரும், ஆனால் கிடைக்கும் வேறுபாடு சிறியது. பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.

ரான்ஸ்போமர் எரிந்திருந்தாலோ, ஸ்பீக்கருக்கு வலுக் கொடுக்கும் வெளியீட்டு எஸ்ரிகே ஐசி போய்விட்டிருந்தாலோ கணக்கு மாறும். அந்த ஐசிகளின் பெயரில் போலிகள் நிறைய விற்கப்படுவதால், பழைய பெட்டிக்குள் ரிபிஏ3116 வகை ஆயத்த அம்பிளிபயர் பலகையொன்றைப் பொருத்துவது மலிவும் நம்பகமும் ஆகும். 24 வோல்ற்று வலுவழங்கியில் 8 ஓம் ஸ்பீக்கர்களுக்குப் பக்கமொன்றுக்கு ஏறத்தாழ 30 வாற்றுக் கிடைக்கும். சாதாரண வீட்டு அறைக்கு அது தாராளம். இவ்வகைப் பலகையில் இரு ஸ்பீக்கர்களின் எதிர் வயர்களையும் ஒன்றாக முடியக் கூடாது, பெட்டியின் உலோகத்திலும் தொடுக்கக் கூடாது. அவ்வாறு தொடுத்தால் பலகை பழுதாகும்.

பழைய அம்பிளிபயரையே திருத்தியிருந்தால், முதல் தடவை மின் கொடுக்கும்போது 60 அல்லது 100 வாற்று இழைக் குமிழொன்றைத் தொடராக இணைத்துக் கொடுங்கள். குமிழ் ஒருகணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழுவதாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ குறுக்குத் தொடுப்பு உண்டு, உடனே நிறுத்த வேண்டும். அடுத்து, ஸ்பீக்கர் இணைக்காமல் வெளியீட்டு முனைகளில் நேரோட்ட வோல்ற்றளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ற்றுக்குக் குறைவாக இருந்தால் இணைக்கலாம். கேட்டுப் பார்ப்பதற்கு யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைவிடச் சிறந்த ஒலிப்பதிவு வேண்டியதில்லை: தவிலின் வலந்தலைப் பக்கத்தின் விரலடிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே விழ வேண்டும், தொப்பி எனப்படும் மறுபக்கத்தின் கம்படி வரும்போது நாதஸ்வரத்தின் ஒலி அமுங்கக் கூடாது. அரைமணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றிய பின் வெப்பத்தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டால், அந்தப் பக்கத்தைத் திருத்துநர் பார்க்கும்வரை மீண்டும் பாவிக்க வேண்டாம்.