படகு கேபினுக்குத் தேக்கு வெனீர் மரைன் பிளைவுட்: சிராய் பெயராமல் அறுக்க

பிளைவுட்டின் மேலே ஒட்டியிருக்கும் தேக்குத் தகடு, அதாவது வெனீர், பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான், அறுக்கும்போது சிராய் பெயர்ந்தால் அதை மறைப்பது பெரும்பாடு. வெட்டுக்கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூர்மையான கத்தியால் வெனீர் அறுபடும்வரை இரண்டு மூன்று தடவை கீறுங்கள். மரத்தின் நார் ஓடும் ரேகைக்குக் குறுக்கே அறுக்கும் இடத்தில் இதை விடவே கூடாது. கைரம்பம் என்றால் தேக்கு முகம் மேலே. சர்குலர் சாவும் சாதாரண ஜிக்சா பிளேடும் கீழிருந்து மேலே வெட்டும், அதனால் நல்ல முகம் கீழே. கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்து, அப்புறம் இழைப்புளியால் கோடுவரை சீவுங்கள்.

உப்புத்தாள் 180, பிறகு 220, கையால், ரேகையோடு மட்டும். மெஷின் போட்டால் ஓரத்தில் வெனீர் நொடியில் தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிடும்.

பிஎஸ் 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) முத்திரை உள்ள பலகையே ஆனாலும் விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறினால் உள்ளே உளுத்துப்போகும். விளிம்பிலும் திருகுத் துளைகளிலும் எபாக்ஸி பிசினைப் பலகை குடித்து முடிக்கும்வரை திரும்பத் திரும்பத் தடவுங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால்தான் பிடிக்கும். வார்னிஷ் முதல் கோட் தின்னர் கலந்து, பிறகு ஐந்தாறு கோட், நடுநடுவே 320 தாளால் லேசாக ஒரு தேய்ப்பு.