ஈக்காரர்களும் அல்சைமர்காரர்களும் கூடும் இடத்துக்குப் போவது எப்படி?

எங்கள் லேபில் இரண்டாம் வருடம் முடிந்த கையோடு பிள்ளைகள் வந்து கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எந்தக் கான்ஃபரன்ஸுக்கு அப்ளை பண்ணட்டும்?" நாங்கள் வேலை செய்வது பழ ஈயில். அல்சைமர் நோயில் மூளைச் செல்களுக்குள் சிக்கலாகத் திரளும் மனித டௌ புரதத்தை ஈயின் கண்ணில் உருவாக்கி, நரம்பணுக்கள் எப்படிச் சாகின்றன என்று பார்க்கிறோம். அதனால் வளர்ச்சி உயிரியல் கூட்டத்துக்கும் போகலாம், நரம்புச் சிதைவு நோய்க் கூட்டத்துக்கும் போகலாம். என் பதில் மாறுவதில்லை. முதல் கூட்டம் சின்னதாக இருக்கட்டும். முடிந்தால் உங்கள் கைடு வழக்கமாகப் போகாத பக்கத்துக் கூட்டமாக இருக்கட்டும்.

ஏன் என்று கேட்டால் பிரசெனிலின் கதையைச் சொல்வேன். குடும்பவழியில், இளம் வயதிலேயே வரும் அல்சைமருக்கு இந்த மரபணு ஒரு காரணம் என்று 1995-இல் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் சி. எலிகன்ஸ் என்ற சின்னப் புழுவை ஆராய்பவர்கள் செல்-12 (sel-12) என்ற மரபணுவைப் பிடித்தார்கள். அது பிரசெனிலினுக்கு நெருங்கிய உறவு. அவர்கள் தேடியது மறதி நோயை அல்ல. புழுவின் உடல் உருவாகும்போது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் நாட்ச் சமிக்ஞையைத்தான் தேடினார்கள். பிரசெனிலின் இருக்கும் காமா செக்ரிடேஸ் என்ற நொதி அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டின் தாய்ப் புரதத்தையும் வெட்டும், நாட்ச்சையும் வெட்டும். இந்த நொதியைத் தடுக்க எலி லில்லி கொண்டுவந்த செமகாசெஸ்டாட் மருந்தின் சோதனைகள் 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டன. மருந்து எடுத்தவர்களின் நிலை போலி மாத்திரை எடுத்தவர்களைவிட மோசமானது, தோல் புற்றுநோயும் கூடியது. நாட்ச் வெட்டப்படாமல் போனால் தோலில் என்ன ஆகும் என்று ஒரு வளர்ச்சி உயிரியல்காரரிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார். அவரைச் சந்திக்கத்தான் போகச் சொல்கிறேன்.

சரி, எந்தக் கூட்டம்? அமெரிக்காவின் சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸ் ஆண்டுக் கூட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் வருவார்கள். முதல் தடவை போகிறவர் அங்கே நடந்து நடந்தே களைத்துவிடுவார். ஏடி/பிடி, ஏஏஐசி இரண்டும் அல்சைமர் உலகின் பெரிய கூட்டங்கள். மருந்துச் சோதனை முடிவுகளும் ஸ்கேன் படங்களும் அங்கே முன்னால் நிற்கும், ஈ ஒரு மூலையில் இருக்கும். கார்டன் ரிசர்ச் கான்ஃபரன்ஸ் வேறு மாதிரி. ஏறக்குறைய 200 பேர், ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி காலை வரை ஒரே இடத்தில் தங்கல், ஒரே சாப்பாட்டு அறை. காலையும் இரவும் உரைகள், மதியம் ஓய்வு, மாலையில் போஸ்டர். பல தலைப்புகளில் அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் மாணவர்களுக்கும் போஸ்ட்டாக்குகளுக்கும் மட்டும் ஒரு சிறு கருத்தரங்கு உண்டு. இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் வொர்க்‌ஷாப்புகளும் இந்த அளவில்தான் இருக்கும். வெளிநாடு இப்போதைக்கு முடியாது என்றால் இந்திய வளர்ச்சி உயிரியலாளர் சங்கத்தின் கூட்டம் நல்ல தொடக்கம். மாணவர் போஸ்டரை நிதானமாக நின்று படிக்கிறவர்கள் அங்கே உண்டு.

ஒரு எச்சரிக்கை. "மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் மகத்தான ஆய்வைக் கண்டு வியந்தோம்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். நீங்கள் இன்னும் ஒரு பேப்பர்கூடப் போட்டிருக்க மாட்டீர்கள். அது பணம் பறிக்கும் போலிக் கூட்டத்தின் அழைப்பு, அழித்துவிடுங்கள். இப்படிக் கூட்டங்கள் நடத்திய ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 2019-இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. பெரிய விஞ்ஞானிகளின் பெயரை அவர்கள் சம்மதமில்லாமல் கூட்ட விளம்பரத்தில் போட்டதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. கண்டுபிடிக்க எளிய வழி: பேச்சாளர் பட்டியலில் இருக்கும் இரண்டு பேரின் லேப் பக்கத்தைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். கரு வளர்ச்சி, பல் மருத்துவம், நானோ தொழில்நுட்பம் மூன்றும் ஒரே அரங்கில் என்றால் எழுதிக் கேட்கவும் வேண்டாம்.

பணமும் விசாவும் சலிப்பான விஷயம், ஆனால் பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பயண உதவிக்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. அது பல நேரம் பதிவுக் கடைசித் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். இப்ரோ (சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பு), உயிரியல் இதழ்கள் நடத்தும் கம்பெனி ஆஃப் பயாலஜிஸ்ட்ஸ், கூட்டத்தை நடத்துபவர்கள் என்று எல்லாப் பக்கமும் தட்டிப் பாருங்கள். பதிவுக் கட்டண விலக்கு கேட்கக் கூச்சப்படாதீர்கள், கேட்கிறவருக்குத்தான் கிடைக்கும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அழைப்புக் கடிதத்தில் யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். கடவுச்சீட்டில் இருக்கிறபடியே பெயர் வர வேண்டும். இனிஷியல் வைக்கும் நமக்கு இதில் எப்போதும் ஒரு தலைவலி.

இனி போஸ்டர். கூட்டத்துக்குப் போவதில் பாதிப் பலன் இதில்தான் என்பேன். ஐரோப்பாவில் பெரும்பாலும் ஏ0 அளவு, நெடுவாக்கில்: 84.1 சென்டிமீட்டர் அகலம், 118.9 உயரம். அமெரிக்கப் பலகைகள் பல நேரம் அகலவாக்கில் இருக்கும்; அளவைப் பார்க்காமல் அச்சடிக்காதீர்கள். துணியில் அச்சடித்தால் மடித்துப் பெட்டியில் வைக்கலாம், குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு மணி நேரம், இரட்டைப்படை எண்காரர்கள் அடுத்த மணி நேரம் நிற்பது வழக்கம். உங்கள் நேரத்தில் காபி வாங்கக்கூட நகராதீர்கள்.

ஒரு கூட்டத்தில் ஜீப்ராமீனை ஆராயும் ஒரு வெள்ளைமுடிக்காரர் என் போஸ்டர் முன்னால் வந்து நின்றார். தலைப்பைப் படிக்கவில்லை. டௌ ஈயின் கண் படத்தில் விரலை வைத்து, "இது செத்த கண்ணா, வளராத கண்ணா?" என்றார். வளர்ச்சி உயிரியல் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் கேள்வி இதுதான், தயாராகப் போங்கள். ஈயின் கண்ணில் சுமார் 800 சிறுகண்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். கண்ணில் ஒரு மரபணுவை ஓடவிட நாம் எல்லோரும் பயன்படுத்தும் ஜிஎம்ஆர்-கேல்4 என்ற மரபணு ஸ்விட்ச், கண் உருவாகிக்கொண்டிருக்கும் புழுப் பருவத்திலேயே டௌவை ஓடவிட்டுவிடும். வெளியே வரும் ஈயின் கண் சின்னதாக, சொரசொரப்பாக இருக்கும். அது நரம்புச் சிதைவா, கண் கட்டப்படும்போதே நடந்த கோளாறா என்று அந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஆகவே மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும். வெறும் ஜிஎம்ஆர்-கேல்4 மட்டும் உள்ள ஈயின் கண் படம், அதே வெப்பநிலையில் வளர்த்தது. 29 டிகிரியில் அதுவே லேசாகச் சொரசொரக்கும், தெரிந்தவர்கள் கேட்பார்கள். அடுத்து, குளிரில் கேல்4-ஐ அடக்கி, வெப்பத்தில் விட்டுவிடும் கேல்80 புரதத்தை வைத்துச் செய்த சோதனை: 18 டிகிரியில் வளர்த்து, ஈ வெளியே வந்த பிறகு 29-க்கு மாற்றி, டௌவை வளர்ந்த ஈயில் மட்டும் ஓடவிடுவது. கடைசியாக, முதல் நாள் ஈயும் முப்பதாம் நாள் ஈயும் பக்கத்தில் பக்கத்தில். முதல் நாள் நன்றாக இருந்து பிறகு கெட்டிருந்தால் சிதைவு என்று தைரியமாகச் சொல்லலாம். மீன்காரரிடம் இரண்டாவதைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் தலைப்பைப் படித்தார்.

ஆனால் "வளர்ச்சிக் கோளாறு" என்பது தோல்வி அல்ல. ஹன்டிங்டன் நோய் நடுத்தர வயதில் தலைகாட்டும் நோய் என்றுதான் பாடத்தில் படித்தோம். 2020-இல் ஒரு பிரெஞ்சுக் குழு, அந்த மரபணுப் பிழை உள்ள 13 வாரக் கருவின் மூளைத் திசுவிலேயே மாற்றம் தெரிவதாகக் காட்டியது. யாராவது உங்கள் கண்ணை "வளராத கண்" என்று ஒதுக்கினால் இந்தப் பேப்பரை எடுத்துப் போடுங்கள், பேச்சு நீளும்.

அல்சைமர் கூட்டத்தில் கேள்விகள் வேறு. "எந்த வகை டௌ? 0என்4ஆர்-ஆ, 2என்4ஆர்-ஆ? மரபுப்பிழை உள்ளதா?" "ஏடி8 எதிர்ப்பொருளால் சாயம் ஏறுகிறதா?" அதாவது நோயாளியின் மூளையில் அவர்கள் பார்க்கும் அதே பாஸ்பேட் ஏறிய டௌ உங்கள் ஈயிலும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இந்த விடைகளைச் சிறிய எழுத்தில் அடியில் போடாமல், முதல் படத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். "ஈக்கும் மனிதனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவரிடம் பரிணாமப் பாடம் எடுக்க வேண்டாம், மேலே சொன்ன பிரசெனிலின் கதை ஒரு நிமிடத்தில் முடியும்.

உரைகளில் கேள்வி கேட்பது பற்றி. 1906 நவம்பர் 3 அன்று டூபிங்கனில் மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளியின் மூளையில் கண்டதை விவரித்தார். முடித்ததும் ஒரு கேள்விகூட வரவில்லை. கூட்டம் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது. அதனால் அரங்கம் அமைதியாக இருந்தால் பேச்சு மோசம் என்று அர்த்தமில்லை, நீங்கள் கேட்கலாம். பெயர், ஊர் சொல்லி ஒரே கேள்வி. "இரண்டு பகுதியாக ஒரு கேள்வி" என்று ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். மைக் முன்னால் போகத் தயக்கமாக இருந்தால் இடைவேளையில் நேரே போய்க் கேளுங்கள். பல பேச்சாளர்கள் மேடையில் சொல்லாததை அப்போதுதான் சொல்வார்கள்.

கார்டன் கூட்டத்தில் படம் எடுக்கக் கூடாது. ஸ்லைடும் கூடாது, போஸ்டரும் கூடாது. கேட்டதை வெளியே எழுதவோ மேற்கோள் காட்டவோ சொன்னவரின் அனுமதி வேண்டும். இந்த விதி இருப்பதால்தான் பேப்பராக வராத தகவலை அங்கே காட்டுகிறார்கள். கையால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு வேளையில் உங்கள் லேப் ஆட்களோடு உட்காராதீர்கள். அவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள். அப்புறம், எந்த ஊரானாலும் அரங்கத்தில் ஏசி குளிரும், ஸ்வெட்டர் கையோடு இருக்கட்டும்.

திரும்பிய ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எந்த நாள், எந்தப் போஸ்டர், என்ன பேசினோம் என்று இரண்டு வரி, கேட்பது ஒரே ஒரு பொருள். ஈ வேண்டுமென்றால் முதலில் ஈ வகைகளைச் சேமித்து அனுப்பும் அமெரிக்காவின் ப்ளூமிங்டன் ஸ்டாக் சென்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை மட்டும் கேளுங்கள். யாராவது அன்பாகக் குப்பியைக் கையில் கொடுத்தாலும் பையில் போட்டு விமானம் ஏறாதீர்கள், முறைப்படி அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த ஈயைத் தனி அறையில் வைத்து, இரண்டு தலைமுறை மாற்றி, உண்ணிப்பூச்சி இல்லை என்று நுண்ணோக்கியில் பார்த்த பிறகே நம் அலமாரிக்குக் கொண்டுபோங்கள்.