தெருவுக்கு 30 போதும்: வேக வரம்பு கேட்டு மனு கொடுப்பது எப்படி?

காலை ஆறரை மணிக்கு எதிர்வீட்டு ஆச்சி வாசலில் கோலம் போடுவார். குனிந்து இழை இழுக்கும்போது முதுகு தெருப்பக்கம் இருக்கும். ஒருநாள் சுற்றுலா வேன் ஒன்று அவர் முந்தானையை உரசிக்கொண்டு போய்விட்டது. ஆச்சிக்கு அடி படவில்லை. கோலமாவுக் கிண்ணம் மட்டும் சப்பையாகிக் கிடந்தது. கூடிய எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "இங்கன ஒரு வேகத்தடை போடச் சொல்லணும்."

வேகத்தடை கேட்காதீர்கள், வேக வரம்பு கேளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியும் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று சட்டப்படி அறிவிக்கச் சொல்ல வேண்டும். காரைக்குடி பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, புதிதாகத் தொடங்குபவருக்குப் புரிகிற வரிசையில் சொல்கிறேன்.

1. ஏன் 30 என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்

போகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி வரும். 50-ல் வரும் கார் ஒரு விநாடியில் 14 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுபவர் ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கவே அந்த ஒரு விநாடி ஆகும். 30-ல் வரும் காரோ, காய்ந்த தார்ச்சாலையில், ஏறக்குறைய 13 மீட்டரில் முழுதாக நின்றுவிடும். 13 மீட்டர் தள்ளி ஒரு குழந்தை பந்தை எடுக்கக் குறுக்கே ஓடினால், ஒரு கார் நின்றிருக்கும். இன்னொன்றில் பிரேக்கே பிடித்திருக்காது. இதைச் சொன்ன பிறகு எங்களிடம் யாரும் எதிர்வாதம் பேசியதில்லை.

இது வெளிநாட்டுச் சங்கதி என்று யாராவது சொன்னால், 2023 நவம்பரிலேயே சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்று அறிவித்ததைச் சொல்லுங்கள். சாலைப் பாதுகாப்புக்கான 2020-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் பிரகடனமும், நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களுக்கு இதே 30-ஐத்தான் சொல்கிறது.

2. ஒரு தெருவுக்கு மட்டும் கேட்காதீர்கள்

நாங்கள் செய்த முதல் தவறு இது. எங்கள் தெருவுக்கு மட்டும் மனு எழுதினோம். நம் ஊர் வீடுகளை யோசித்துப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில் இருக்கும்; வளவு (உள்முற்றம்), இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் போனால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். பெரியவர்கள் முன்வாசலில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் பின்வாசல் வழியாகத்தான் ஓடுகிறார்கள். தெருக்களோ நூல் பிடித்தாற்போல் நேராக, அகலமாக இருக்கின்றன. ஒன்றில் தடை வந்தால் வண்டி அடுத்த தெருவில் திரும்பிவிடும்.

இங்கிலாந்தில் ராட் கிங் என்பவர் 2007-இல் தொடங்கிய 'ட்வென்டிஸ் பிளென்டி' இயக்கம் கேட்பதும் இதைத்தான். மணிக்கு 20 மைல் (சுமார் 32 கி.மீ.) என்ற வரம்பை இங்கொன்று அங்கொன்று என்று வைக்காமல், ஊர்முழுக்கப் பலகை வைத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பரில் அதுவே குடியிருப்புச் சாலைகளின் பொது வரம்பாகிவிட்டது.

ஆகவே ஒரு தாளில் தெருக்களை வரையுங்கள். கோயில், ஊரணி, பள்ளி, பால்வாடி, ரேஷன் கடை எல்லாம் குறியுங்கள். அதைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் எல்லாத் தெருவுக்கும் கேளுங்கள். எந்தச் சாலை ஊராட்சியுடையது, எது நெடுஞ்சாலைத் துறையுடையது என்று அப்போதே விசாரித்து எழுதிவிடுங்கள்.

3. அளந்து பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. "ரொம்ப வேகமாப் போறாங்க" என்றால் அது புலம்பல். எண்ணோடு போனால்தான் மனு.

தேவையானவை: அளவு டேப், கோலப்பொடி, ஸ்டாப்வாட்ச் உள்ள போன், ஒரு கோடு போட்ட நோட்டு, இரண்டு பேர். தெருவின் ஓரத்தில் சரியாக 50 மீட்டர் அளந்து, இரு முனையிலும் கோலப்பொடியால் ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுங்கள். முதல் கோட்டில் நிற்பவர் கையைத் தூக்கி வைத்திருந்து, வண்டியின் முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் இறக்க வேண்டும். இரண்டாம் கோட்டில் நிற்பவர் அப்போது கடிகாரத்தை ஓடவிட்டு, முன்சக்கரம் தன் கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். அப்புறம் 180-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 6 விநாடி என்றால் 30. 4.5 என்றால் 40. 3.6 என்றால் 50. முதல் காலையிலேயே ஒரு பைக் மூன்றே விநாடியில் கடந்தது, அதாவது 60. அதை எழுதும்போது என் கை நடுங்கியது.

100 வண்டிகள் அளந்தால் போதும். பள்ளி நேரத்தில் பாதி, சாயங்காலம் பாதி வைத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி 85-ஆவது வண்டியின் வேகத்தைப் பாருங்கள். சாலைப் பொறியாளர்கள் பார்க்கும் எண் அது. கையால் அளப்பதில் சற்று முன்பின் இருக்கும், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வண்டி நம்பரைக் குறிக்காதீர்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். வேகமாகப் போகிறவர்களில் பலர் நம் தெருக்காரர்கள்தான், நாளை அவர்களிடமே கையெழுத்து வாங்க வேண்டும்.

4. ஆட்களைச் சேருங்கள்

இங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். வாட்ச்மேன், வாடகைக்கு இருப்பவர், தையல்கடை அக்கா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார் ஆகியோரிடம் முதலில் போங்கள். தினமும் தெருவில் நடப்பவர்கள் அவர்கள்தாம். வீட்டுக்காரர்கள் படைப்புக்கோ (முன்னோருக்குக் குடும்பமாகப் படைக்கும் வழிபாடு) கல்யாணத்துக்கோ வரும்போது கேட்டால் மனசோடு கையெழுத்துப் போடுவார்கள்.

வேன் ஓட்டும் தம்பிகளையும் விடாதீர்கள். "லேட்டாயிடும்ணே" என்றார் ஒருவர். எங்கள் தெரு 600 மீட்டர். 50-ல் போனால் 43 விநாடி, 30-ல் போனால் 72. அரை நிமிடம்கூட இல்லை என்று நோட்டில் போட்டுக் காட்டினேன். மறுவாரம் அவரே இன்னும் மூன்று ஓட்டுநர்களின் கையெழுத்தோடு வந்தார்.

5. மனு

ஒரே பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 112-ஐக் குறிப்பிடுங்கள். பொதுமக்கள் பாதுகாப்புக்காக, அரசிதழ் அறிவிப்பும் உரிய பலகைகளும் வைத்து, ஒரு பகுதிக்கு வேகத்தைக் குறைக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் இந்தப் பிரிவு வழி தருகிறது. வரைபடம், அளவுப் பட்டியல், கையெழுத்துத் தாள் மூன்றையும் இணையுங்கள்.

ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாட்கள். பேரூராட்சி, மாநகராட்சி என்றால் உங்கள் வார்டு கவுன்சிலர் வழியாக மன்றத்தில். அந்தத் தீர்மான நகலோடு திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் அவர்தான். காவல் நிலையத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் (ஆர்.டி.ஓ.) நகல். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். எங்கள் முதல் மனு ஓர் அலுவலகத்தில் காணாமல் போனது, எங்களிடம் சீட்டும் இல்லை. மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தோம்.

6. காத்திருக்கும் நேரத்தில்

பொறுமை போய் இரவோடு இரவாக சிமென்ட் கொட்டித் தடை கட்டிவிடாதீர்கள். முறையான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. நாம் கட்டுவது ஒரு சாண் மேடாக இருக்கும். இருட்டில் வரும் டூவீலர்க்காரர் அதில் விழுவார்.

மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்து நோட்டில் சேருங்கள். கள ஆய்வுக்கு வந்த பொறியாளர் எங்களிடம் முதலில் கேட்டது, "எங்கே நின்னு அளந்தீங்க?" மங்கிப்போன கோட்டைக் காட்டினோம். ஆச்சி உள்ளே போய்க் கோலப்பொடி எடுத்துவந்து அதைப் புதிதாக இழுத்துக் கொடுத்தார். பொறியாளர் தன் டேப்பை எடுத்து அங்கிருந்தே அளக்க ஆரம்பித்தார்.